எம்.எஸ்சி. அல்ஜீப்ரா: ஹெர்ஸ்டைன் மட்டும் போதுமா, வேறு எதை வாங்கலாம்?

பொருநை:
எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. கணிதம் முடித்து இந்த ஆண்டு எம்.எஸ்சி. சேர்ந்திருக்கிறேன். முதல் செமஸ்டர் அல்ஜீப்ரா தாளுக்குப் பாடநூல் ஹெர்ஸ்டைனின் ‘டாபிக்ஸ் இன் அல்ஜீப்ரா’, இரண்டாம் பதிப்பு. பாடத்திட்டம் அந்தப் புத்தகத்தின் 2.11-ஆம் பிரிவிலிருந்து தொடங்குகிறது. அதாவது கிளாஸ் ஈக்வேஷன் (குரூப்பைக் கான்ஜுகேட் கிளாஸ்களாகப் பிரித்து எண்ணும் சமன்பாடு), உடனே சைலோ தேற்றங்கள் (உறுப்பு எண்ணிக்கை ஒரு பிரைமின் அடுக்காக உள்ள சப்குரூப்கள் பற்றியவை). அதற்கு முன்னால் உள்ள பத்துப் பிரிவுகளும் எங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

பி.எஸ்சி.யில் ஆறுமுகம்–ஐசக் எழுதிய ‘மாடர்ன் அல்ஜீப்ரா’ படித்தேன். தேற்றங்களும் நிரூபணங்களும் நினைவில் இருக்கின்றன, கேட்டால் எழுதிவிடுவேன். ஆனால் புதிதாக ஒரு கணக்கைக் கொடுத்தால் எங்கே கை வைப்பது என்றே தெரியவில்லை. பின்னால் சிஎஸ்ஐஆர்-நெட் (ஆராய்ச்சிக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்குமான தேசியத் தகுதித் தேர்வு) எழுத வேண்டும் என்ற ஆசையும் உண்டு.

கல்லூரி நூலகத்தில் காலியன், ஃப்ராலே, பழைய லாங் ஒன்று இருக்கின்றன. சீனியர்கள் டம்மிட்–ஃபூட் வாங்கச் சொல்கிறார்கள். இப்போதைக்கு ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும். எதை வாங்கலாம்?

கரும்பலகை:
ஹெர்ஸ்டைனை வாங்குங்கள் அம்மா. யோசிக்கவே வேண்டாம்.

நான் கல்லூரியில் இந்தப் பாடத்தைப் பல காலமாக நடத்துகிறேன். தமிழ்நாட்டில் பெரும்பாலான எம்.எஸ்சி. பாடத்திட்டங்கள் அந்தப் புத்தகத்தின் பிரிவு எண்களை அப்படியே எடுத்துப் போட்டவை. பாடத்திட்டம் அதன் மேல் கட்டப்பட்டிருக்கும்போது வேறு புத்தகத்தை முதல் நூலாக வைத்தால், எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே செமஸ்டர் போய்விடும்.

ஆனால் 2.11-இல் தொடங்காதீர்கள். 2.3-இல் தொடங்குங்கள், அதுவும் பாடத்தில் அல்ல, பயிற்சிக் கணக்கில். அங்கே நான்காவது கணக்கைப் பாருங்கள். ஒரு குரூப்பில் எந்த இரண்டு உறுப்புகளை எடுத்தாலும், பெருக்கிவிட்டு அடுக்கு ஏற்றினாலும் தனித்தனியே அடுக்கு ஏற்றிப் பெருக்கினாலும் ஒரே விடைதான். அடுத்தடுத்த மூன்று முழு எண் அடுக்குகளுக்கு இது உண்மை. அந்தக் குரூப் அபீலியன், அதாவது பெருக்கும் வரிசையை மாற்றினாலும் விடை மாறாதது, என்று காட்ட வேண்டும். ஐந்தாவது கணக்கு, மூன்றுக்குப் பதில் இரண்டு அடுக்குகள் மட்டும் இருந்தால் போதாது என்று காட்டச் சொல்கிறது.

இந்த இரண்டு கணக்கையும் வேறு யாரிடமும் கேட்காமல், இணையத்தில் தேடாமல் போட்டுப் பாருங்கள். அதற்கு வேண்டிய கருவி கேன்சலேஷன் (சமன்பாட்டின் இரு பக்கமும் உள்ள ஒரே உறுப்பை நீக்குவது) ஒன்றுதான், வேறு எந்தத் தேற்றமும் வேண்டாம். ஹெர்ஸ்டைனின் பலமே அதன் கணக்குகள். 1964-இல் முதல் பதிப்பு, 1975-இல் இரண்டாம் பதிப்பு. இவ்வளவு காலமாகியும் அந்தக் கணக்கு வரிசைக்கு இணையாக வேறொன்றை நான் பார்த்ததில்லை.

ஐடியல்:
கரும்பலகை சார் சொன்னதில் பாதியை மட்டும் ஏற்கிறேன். கணக்குகள் அருமை, மறுப்பே இல்லை. ஆனால் பொருநையின் சிக்கல் வேறு. நிரூபணம் நினைவிருக்கிறது, கணக்கு வரவில்லை என்கிறார். இது கையில் எடுத்துக்காட்டுகள் இல்லாததால் வரும் சிக்கல். ஹெர்ஸ்டைனில் எடுத்துக்காட்டுகள் குறைவு. சைலோ தேற்றத்துக்கு மூன்று நிரூபணங்கள் தருகிறார். ஆனால் நார்மல் சப்குரூப் எப்படி இருக்கும், கோஷன்ட் குரூப் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க அங்கே கொஞ்சம்தான் கிடைக்கும்.

புத்தகம் வாங்கும் முன் நான் எப்போதும் ஒரு சோதனை செய்வேன். ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டு நாலு புத்தகத்தில் அதே பக்கத்தைப் படிப்பேன். கோஷன்ட் குரூப் இதற்குச் சரியான இடம். பலர் அங்கேதான் வழுக்குகிறார்கள்.

ஹெர்ஸ்டைன்: நார்மல் என்றால் என்ன என்று வரையறுக்கிறார், இரண்டு கோசெட்டுகளை (சப்குரூப்பை ஒரு உறுப்பால் பெருக்கிக் கிடைக்கும் கட்டுகளை) பெருக்கினால் கோசெட்டே வரும் என்று காட்டுகிறார், இதோ கோஷன்ட் குரூப் என்கிறார். ஓரிரண்டு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. சுத்தமாக இருக்கிறது. ஆனால் யாருக்கு ஏன் இந்த வரையறை தோன்றியது என்று தெரியாது.

டம்மிட்–ஃபூட்: தலைகீழாக வருகிறார்கள். முதலில் ஹோமோமார்ஃபிசம், அதாவது பெருக்கலைக் கெடுக்காமல் ஒரு குரூப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சார்பு. ஒரே இடத்துக்குப் போகும் உறுப்புகளை எல்லாம் ஒரு கட்டாகச் சேர்த்தால் அந்தக் கட்டுகளே ஒரு குரூப் ஆகின்றன என்று காட்டிவிட்டு, அப்புறம்தான் நார்மல் என்ற பெயர் வருகிறது. வரையறை வரும்போது அது ஏன் தேவை என்று நமக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

காலியன்: சதுரத்தின் எட்டுச் சமச்சீர்களை எடுத்து, பெருக்கல் அட்டவணையை வரிசை மாற்றி எழுதுகிறார். அட்டவணை கட்டம் கட்டமாகப் பிரிகிறது, ஒவ்வொரு கட்டமும் ஒரு கோசெட். பார்த்தால் போதும், மறக்காது.

ஆர்டின்: மேட்ரிக்ஸில் தொடங்கும் புத்தகம். இரண்டாம் அத்தியாயத்துக்கு வரும்போது கையில் இன்வெர்ட்டிபிள் மேட்ரிக்ஸ்கள் எல்லாம் தயாராக இருக்கின்றன. டிடெர்மினன்ட் ஒரு ஹோமோமார்ஃபிசம், அதன் கெர்னல் (ஐடென்டிட்டிக்குப் போகும் உறுப்புகள்) என்ன என்று கேட்டுக்கொண்டே போகிறார்.

பொருநை, இந்த நாலில் எது உங்களுக்கு ஒட்டுகிறதோ அது உங்கள் இரண்டாவது புத்தகம். காலியன் நூலகத்தில் இருக்கிறது அல்லவா? இன்றைக்கே சதுரத்தின் சமச்சீரில் தொடங்கும் அந்த அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள்.

தறிநாடன்:
நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். வேலை நேரம் போக அல்ஜீப்ராவைத் தானாகப் படித்தேன். என் ஓட்டு ஆர்டினுக்கு. முதல் பதிப்பு 1991, இரண்டாம் பதிப்பு 2010. இரண்டும் நம் ஊரில் இந்தியப் பதிப்பாகக் கிடைத்தவை. ஹார்வர்டில் பெனடிக்ட் கிராஸ் அந்தப் புத்தகத்தை வைத்து நடத்திய வகுப்புகள் வீடியோவாக இணையத்தில் இருக்கின்றன. ஆசிரியர் இல்லாமல் படிப்பவர்களுக்கு அது பெரிய துணை. மேட்ரிக்ஸ் தெரிந்த எவரும் முதல் பக்கத்திலிருந்தே கூட வரலாம்.

முடிவிலி:
நெட், பிஎச்டி என்று யோசிப்பவர் எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்? நேராக லாங்கின் ‘அல்ஜீப்ரா’. நூலகத்திலேயே இருக்கிறதாமே.

ஐடியல்:
முடிவிலி, லாங் பெரிய புத்தகம், அதில் சந்தேகமில்லை. மூன்றாம் பதிப்பு 2002-இல் திருத்தி வந்தது. இன்றும் ஆராய்ச்சியில் அதைப் புரட்டுகிறேன். ஆனால் அது யாருக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். பழைய பதிப்பில் ஹோமலாஜிக்கல் அல்ஜீப்ரா பகுதிக்கு ஒரு பயிற்சி உண்டு. அந்தத் துறையில் ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்து, அதில் உள்ள நிரூபணங்களைப் பார்க்காமல் எல்லாத் தேற்றங்களையும் நீயே நிரூபி என்பதுதான் பயிற்சி. அந்த வாசகருக்கும், இப்போது கிளாஸ் ஈக்வேஷனுக்குத் தயாராகும் பொருநைக்கும் நடுவே இரண்டு ஆண்டுப் படிப்பு இருக்கிறது. லாங், ஹங்கர்ஃபோர்ட், ஜேக்கப்சன் மூன்றும் எம்.எஸ்சி. முடிக்கும்போது திறக்க வேண்டியவை.

முடிவிலி:
சரி, இரண்டாம் ஆண்டில் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் மாட்யூல் பகுதிக்கு ஹெர்ஸ்டைனை மட்டும் நம்பாதீர்கள். அங்கே மாட்யூலுக்குத் தந்திருப்பது மிகக் குறைவு.

வடமராட்சி:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் உயர்தரம் வரை தமிழ் மூலம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகம் வந்தவுடன் விரிவுரை எல்லாம் ஆங்கிலத்தில். கணிதம் விளங்கினாலும் வசனம் விளங்காமல் நிற்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தங்கச்சி தமிழ் மூலம் படித்தவரா தெரியவில்லை. அப்படியென்றால் இதையும் யோசிக்க வேணும்.

ஹெர்ஸ்டைனின் ஆங்கிலம் அழகானது. ஆனால் பேச்சு நடையில் நீண்டு போகும். ஒரு வசனத்துக்குள் கருதுகோள் எது, முடிவு எது என்று பிரித்தெடுக்க ஆரம்பத்தில் கஷ்டம். காலியனிலும் ஃப்ராலேயிலும் வசனங்கள் சிறியவை. வரையறை, தேற்றம், எடுத்துக்காட்டு எல்லாம் தனித்தனியே நிற்கும். நான் மாணவர்களிடம் சொல்வது இதுதான்: ஒரு தேற்றத்தை வாசித்த பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, அதைத் தமிழில் யாருக்காவது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எங்கே தடக்குப்படுகிறதோ அங்கே நிபந்தனை ஒன்று விடுபட்டிருக்கும்.

பொருநை:
நன்றி வடமராட்சி அண்ணா. ஆமாம், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழிதான். நீங்கள் சொன்ன மாதிரியே ஹெர்ஸ்டைனில் வாக்கியத்துக்குள் வாக்கியமாக வரும் இடங்களில் தேங்கிவிடுகிறேன்.

ஐடியல் அக்கா, நூலகத்தில் உட்கார்ந்து நீங்கள் சொன்ன சோதனையைச் செய்தேன். காலியனில் அந்தக் கட்டம் போட்ட அட்டவணையைப் பார்த்ததும் சட்டென்று பிடிபட்டது. கோசெட்டைப் பெருக்குவது என்றால் என்ன என்று பி.எஸ்சி.யில் எழுதியிருக்கிறேன், ஆனால் இப்படிப் பார்த்ததில்லை.

கரும்பலகை சார், மூன்று அடுக்குக் கணக்கு வந்துவிட்டது! முதல் இரண்டு அடுக்கை வைத்துக் கேன்சல் செய்தால், ஒரு உறுப்பு இன்னொன்றின் அந்த அடுக்கோடு இடம் மாறுகிறது. அடுத்த இரண்டை வைத்தால், ஒன்று கூடிய அடுக்கோடும் இடம் மாறுகிறது. இரண்டும் சேர்ந்தால் உறுப்போடேயே இடம் மாறியாக வேண்டும். ஆனால் ஐந்தாவது கணக்குக்கு அபீலியன் அல்லாத குரூப் ஒன்றைத் தேடிக்கொண்டே இருக்கிறேன். எஸ்3-இல் (மூன்று பொருள்களின் வரிசைமாற்றக் குரூப்) அடுத்தடுத்து எந்த இரண்டு அடுக்குகளை எடுப்பது?

கரும்பலகை:
அருமை அம்மா. முழுக்கச் சரி.

ஐந்தாவதுக்குப் பெரிய எண்களைத் தேடாதீர்கள். கணக்கில் ‘முழு எண்கள்’ என்றுதானே இருக்கிறது? பூச்சியத்தையும் ஒன்றையும் எடுத்துப் பாருங்கள். எந்தக் குரூப்பிலும் அந்த இரண்டும் தானாகவே உண்மை. ஆகவே எஸ்3-உம் சரி, அபீலியன் அல்லாத எந்தக் குரூப்பும் சரி. நிபந்தனையை எழுத்துக்கு எழுத்து படிக்க இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

2.5-இல் 26-ஆவது கணக்கையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். ஒரு அபீலியன் குரூப்பில் இரண்டு ஆர்டர்களில் (உறுப்பு எண்ணிக்கைகளில்) சப்குரூப்கள் இருந்தால், அவற்றின் மீச்சிறு பொது மடங்கை ஆர்டராகக் கொண்ட சப்குரூப்பும் உண்டு என்று காட்ட வேண்டும். வரவில்லை என்று மனம் தளராதீர்கள். அதுவரை புத்தகத்தில் சொல்லப்பட்டதை மட்டும் வைத்து அதைத் தீர்த்த எவரையும் தனக்குத் தெரியாது, தன்னையும் சேர்த்து, என்று ஹெர்ஸ்டைனே அந்தக் கணக்கின் கீழ் எழுதியிருக்கிறார். முயன்று பார்ப்பது சந்தோஷம் தரும் என்றும் சொல்கிறார். மாணவனை இப்படிச் சமமாக நடத்தும் ஆசிரியர்கள் குறைவு.

ஐடியல் கேட்டதற்கும் வருகிறேன். எடுத்துக்காட்டு குறைவு என்பது உண்மை. ஆனால் அதை ஈடுகட்டுவது ஆசிரியரின் வேலை. வகுப்பில் நான் எஸ்4-ஐ மேசை மேல் வைத்துக்கொண்டுதான் 2.11 நடத்துவேன்.

ஐடியல்:
சார், உங்கள் வகுப்பில் அது நடக்கிறது. எல்லா வகுப்பிலும் நடப்பதில்லை என்பதுதான் என் கவலை. பாடத்திட்டத்திலேயே சைலோ தேற்றத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ‘முதல் நிரூபணம் மட்டும்’ என்று போட்டிருக்கிறார்கள். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்த முதல் நிரூபணம், குரூப்பிலிருந்து குறிப்பிட்ட அளவுள்ள எல்லாக் கணங்களையும் எடுத்து, அவற்றைக் குரூப்பே நகர்த்துவதாகப் பார்த்து எண்ணுவது. 1959-இல் வீலாண்ட் தந்த வழி. மிக அழகான வழிதான். ஆனால் 2.11-இல் படித்த கிளாஸ் ஈக்வேஷனை அது தொடவே இல்லை! அதைப் பயன்படுத்துவது இரண்டாம் நிரூபணம். முதல் நிரூபணம் மட்டும் படிக்கும் மாணவருக்கு, கிளாஸ் ஈக்வேஷனுக்கும் சைலோவுக்கும் என்ன உறவு என்று எப்படித் தெரியும்?

அதனால்தான் இரண்டாவது புத்தகம் வேண்டும் என்கிறேன். டம்மிட்–ஃபூட்டில் இருப்பது அந்த இரண்டாம் வழி: சென்டரை (எல்லா உறுப்புகளோடும் இடம் மாறும் உறுப்புகளை) பார், கிளாஸ் ஈக்வேஷனை எழுது, சிறிய குரூப்புக்கு இறங்கு. ஆர்டினில் இருப்பது வீலாண்டின் வழி. ஒரே தேற்றத்துக்கு இரண்டு புத்தகத்தில் இரண்டு நிரூபணம் படித்தவர் அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கரும்பலகை:
இதை முழுமனதோடு ஏற்கிறேன். அந்த அடைப்புக்குறியை நான் ஒருபோதும் விரும்பியதில்லை. இரண்டாம் நிரூபணத்தை எப்போதும் சேர்த்தே நடத்துகிறேன். மூன்றாவதை, அதாவது சிமெட்ரிக் குரூப்புக்குள்ளே சைலோ சப்குரூப்பைக் கட்டி எழுப்பி, டபுள் கோசெட் மூலம் கீழே கொண்டுவரும் வழியை, ஆர்வமுள்ளவர்களுக்குச் செமினாராகக் கொடுப்பேன். சைலோ நார்வேக்காரர், 1872-இல் வெளியிட்டார். நூற்றைம்பது ஆண்டுகளாக ஆட்கள் புதுப்புது நிரூபணம் தேடிக்கொண்டிருக்கும் தேற்றத்தை ஒரே நிரூபணத்தோடு நிறுத்துவது மாணவருக்குச் செய்யும் அநியாயம்.

டிரேஸ்:
எல்லோரும் குரூப் தியரியையே பேசுகிறீர்கள். அந்தத் தாளில் பாதி லீனியர் டிரான்ஸ்ஃபர்மேஷன்: டிரையாங்குலர், நில்பொட்டன்ட், ஜோர்டன், ரேஷனல் கனானிக்கல், அப்புறம் ஹெர்மிஷியன், யூனிட்டரி, நார்மல். இரண்டு புத்தகம் வைத்துப் படிப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான். பொறுமையாகப் படியுங்கள்.

ஹெர்ஸ்டைன் லீனியர் டிரான்ஸ்ஃபர்மேஷனை வெக்டருக்கு வலப்பக்கம் எழுதுகிறார். மற்ற எல்லோரும் இடப்பக்கம். இது வெறும் எழுத்துப் பழக்கம் என்று விட்டுவிட முடியாது, மேட்ரிக்ஸே மாறிவிடும். பாலினோமியல்களின் டிஃபரன்சியேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். பேசிஸ் ஒன்று, எக்ஸ், எக்ஸ் ஸ்கொயர் என்று போகிறது. ஹெர்ஸ்டைன் முறையில் ஒவ்வொரு பேசிஸ் வெக்டரின் இமேஜும் ஒரு வரிசையாக எழுதப்படும். ஒன்றின் டெரிவேட்டிவ் பூச்சியம், ஆகவே முதல் வரிசை முழுக்கப் பூச்சியம். எக்ஸின் டெரிவேட்டிவ் ஒன்று, ஆகவே இரண்டாம் வரிசையின் தொடக்கத்தில் 1. இப்படி 1, 2, 3 எல்லாம் டயகனலுக்குக் கீழே உட்காரும். ஹாஃப்மன்–குன்ஸியிலோ ஆக்ஸ்லரிலோ இமேஜை நிரலாக எழுதுவார்கள். அதே 1, 2, 3 டயகனலுக்கு மேலே போய்விடும். ஒன்று மற்றதன் டிரான்ஸ்போஸ்.

கனானிக்கல் ஃபார்ம்களுக்கு வரும்போது இன்னும் குழப்பம். ஜோர்டன் பிளாக்கில் ஹெர்ஸ்டைனும் டம்மிட்–ஃபூட்டும் 1-களை டயகனலுக்கு மேலே வைக்கிறார்கள், ஹாஃப்மன்–குன்ஸி கீழே வைக்கிறார்கள். கம்பேனியன் மேட்ரிக்ஸில் ஹெர்ஸ்டைனுக்குக் கெழுக்கள் கடைசி வரிசையில், டம்மிட்–ஃபூட்டுக்குக் கடைசி நிரலில். விடைத்தாளில் பாதி இதிலும் பாதி அதிலுமாக எழுதினால் பெருக்கல் ஒத்து வராது. அதனால் என் யோசனை: குரூப்புக்கும் ரிங்குக்கும் எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் கலந்து படியுங்கள். ஆறாம் அத்தியாயத்துக்கு மட்டும் ஹெர்ஸ்டைனை முதலிலிருந்து கடைசி வரை தனியாக முடித்துவிட்டு, பிறகு அடுத்ததைத் திறங்கள்.

ஆக்ஸ்லரின் நான்காம் பதிப்பு ஆசிரியரின் தளத்திலேயே இலவசம். டிடெர்மினன்டைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு ஐகன்வேல்யூவை நேராகப் பேசும் புத்தகம். நார்மல், யூனிட்டரி பகுதிக்கு அதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

ஐடியல்:
டிரேஸ் சொன்னது பொன்னானது. ரிங் பகுதியிலும் இதே மாதிரி இரண்டு உண்டு, சேர்த்துவிடுகிறேன். ஹெர்ஸ்டைன், டம்மிட்–ஃபூட், காலியன் மூவருக்கும் ரிங் என்றால் யூனிட்டி (பெருக்கலுக்கான 1) கட்டாயமில்லை. ஆர்டினுக்கும் லாங்குக்கும் கட்டாயம். ஆகவே இரட்டைப்படை முழு எண்கள் முதல் மூவரிடம் ரிங், மற்ற இருவரிடம் இல்லை. யூக்ளிடியன் ரிங் வரையறையில் ஹெர்ஸ்டைன், பெருக்கினால் அளவு குறையக்கூடாது என்ற ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறார். டம்மிட்–ஃபூட்டில் அது கிடையாது. இங்கே படித்த நிரூபணத்தை அங்கே எழுதினால் ஒரு வரி காற்றில் நிற்கும்.

பார்ட்-சி:
நெட் பற்றி ஒருவரும் பேசவில்லை, அதனால் வருகிறேன். நான் அந்தத் தேர்வு மூலம் ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கியவன்.

நெட் தேர்வில் ‘சி’ பகுதி வேறு மாதிரி. ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம். சரியானவை எல்லாவற்றையும் குறித்தால்தான் மதிப்பெண், தவறாகக் குறித்தால் மைனஸ் இல்லை. அங்கே நிரூபணம் யாரும் கேட்கப்போவதில்லை. ஒரு கூற்றைக் கொடுப்பார்கள். அதைப் பார்த்தவுடன் எதிர் எடுத்துக்காட்டு ஒன்று மண்டையில் வந்து நிற்க வேண்டும். ஆர்டர் வகுத்தால் சப்குரூப் இருக்குமா? ஏ4-இல் (நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள்) 12 உறுப்புகள், ஆறு உறுப்புள்ள சப்குரூப் கிடையாது. முறையான சப்குரூப்கள் எல்லாம் சைக்ளிக் என்றால் குரூப்பும் சைக்ளிக்கா? கிளைன் நான்கைப் பார். இசட்10-இலிருந்து இசட்15-க்கு எத்தனை ஹோமோமார்ஃபிசம்? ஐந்து. இவற்றை உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்காது.

இதற்குக் காலியனும் டம்மிட்–ஃபூட்டும்தான். டம்மிட்–ஃபூட் தொள்ளாயிரம் பக்கத்துக்கு மேல். முழுதும் படிக்க நினைத்தால் மலைப்பு வரும். முதல் பதினான்கு அத்தியாயங்கள், குரூப் முதல் கால்வா தியரி வரை, போதும். கையில் ஒரு நோட்டு வைத்து, ஆர்டர் 15 வரை எல்லாக் குரூப்பையும் அதில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் சென்டர், சப்குரூப்கள், எந்த உறுப்புக்கு என்ன ஆர்டர் என்று ஒரு பக்கம். பி.ஜி. டிஆர்பி (முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் தேர்வு) எழுதுபவர்களுக்கும் இதே நோட்டு உதவும்.

ஒரு எச்சரிக்கை. ஹெர்ஸ்டைனுக்கும் டம்மிட்–ஃபூட்டுக்கும் விடைத்தொகுப்புகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. கணக்கோடு கொஞ்சமாவது மல்லுக்கட்டாமல் அவற்றைத் திறக்காதீர்கள். விடையைப் படித்தால் ஒவ்வொரு வரியும் புரியும். தேர்வு அறையில் முதல் வரி வராது.

தறிநாடன்:
ஒரே புத்தகம்தான் வாங்க முடியும் என்றாரே, இலவசமாகவும் முறையாகவும் கிடைப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஜட்சனின் ‘அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா’ முழுப் புத்தகமும் ஆசிரியரே இலவசமாகக் கொடுப்பது. சேஜ் மென்பொருளில் குரூப்களைக் கணக்கிடும் பகுதிகளும் அதில் உண்டு. ஜே.எஸ். மில்னின் குரூப் தியரி, கால்வா தியரி குறிப்புகள் அவருடைய தளத்தில். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் கீத் கான்ராட் ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனியே குட்டிக் கட்டுரைகள் எழுதி வைத்திருக்கிறார். ஏ4-இல் ஆறு உறுப்புள்ள சப்குரூப் இல்லை என்பதற்கே பல நிரூபணங்கள் அங்கே கிடைக்கும். என்பிடெல் (ஐஐடி ஆசிரியர்களின் இலவச இணைய வகுப்புகள்) தளத்தில் குரூப் தியரிக்கும் ரிங்குக்கும் முழு வகுப்புகள் இருக்கின்றன.

பொருநை:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. முடிவு செய்துவிட்டேன். ஹெர்ஸ்டைன் வாங்குகிறேன். காலியன் நூலகத்திலிருந்து. மேட்ரிக்ஸ் பகுதிக்கு வரும்போது டிரேஸ் சொன்னபடி ஹெர்ஸ்டைனைத் தனியாக முடித்துவிட்டு, பிறகு ஆக்ஸ்லரை எடுக்கிறேன். டம்மிட்–ஃபூட் இரண்டாம் ஆண்டில் உதவித்தொகை வந்த பிறகு.

கரும்பலகை சார், 2.11 தொடங்கும் முன் எதையெல்லாம் கையால் போட்டுப் பார்க்க வேண்டும்?

கரும்பலகை:
நல்ல முடிவு. எஸ்3, எஸ்4, சதுரத்தின் சமச்சீர்க் குரூப், குவாட்டர்னியன் குரூப். இந்த நான்குக்கும் கான்ஜுகேட் கிளாஸ்களைப் பிரித்து எழுதுங்கள். எஸ்3-க்கு 1+2+3 வர வேண்டும். எஸ்4-க்கு 1+6+3+8+6, கூட்டினால் 24. மற்ற இரண்டையும் நீங்களே போட்டு இங்கே எழுதுங்கள்.

பொருநை:
சார், போட்டுவிட்டேன். சதுரத்துக்கு 1+1+2+2+2. குவாட்டர்னியனுக்கும் அதே 1+1+2+2+2 வருகிறது. இரண்டு முறை சரிபார்த்தேன். இரண்டிலும் சென்டருக்கு இரண்டு உறுப்புகள்தான். அப்படியானால் கிளாஸ் ஈக்வேஷன் ஒன்றாக இருந்தும் குரூப்கள் வேறாக இருக்கலாம், அப்படித்தானே?

கரும்பலகை:
அப்படியேதான். இரண்டும் வேறு என்று எப்படிக் காட்டுவீர்கள்?

பொருநை:
ஆர்டர் 2 உள்ள உறுப்புகளை, அதாவது ஐடென்டிட்டி அல்லாமல் தன்னோடு பெருக்கினால் ஐடென்டிட்டி தருபவற்றை, எண்ணினேன் சார். சதுரத்தில் ஐந்து: 180 பாகைச் சுழற்சி ஒன்று, பிரதிபலிப்புகள் நான்கு. குவாட்டர்னியனில் மைனஸ் ஒன்று மட்டும்தான். ஐசோமார்ஃபிசம் இருந்தால் இந்த எண்ணிக்கை மாறக்கூடாது.

கரும்பலகை:
சரி. இனி 2.11-க்குப் போங்கள். ஆர்டர் ஒரு பிரைமின் ஸ்கொயர் என்றால் குரூப் அபீலியன் என்று அங்கே வரும். நிரூபணத்தைப் படிக்கும் முன் ஆர்டர் 9-ஐ மட்டும் எடுத்து நீங்களே முயன்று பார்த்துவிட்டு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.